ஒன்றாம் நம்பர் சாம்பிள்

ஏப்ரல் 16, புதன்

ஐந்துக்கும் சிவப்பு மை. ஐந்துக்கும்.

லேப் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு வரி உண்டு. கடைசிக் கட்டத்தில் பாலிஷ் எப்படி என்று லேப்பை நடத்துகிற நேசக்குமார் சார் எழுதுவார். நன்றாக இருந்தால் நீல மை. சரியில்லை என்றால் சிவப்பு மை, பக்கத்தில் பாலிஷ் போட்ட ஆளின் பெயர். இந்த லேப்பில் பாலிஷ் போடுகிற ஆள் நான் ஒருத்திதான். ஆகவே இன்றைக்குப் பக்கம் பூராவும் இசக்கிசெல்வி, இசக்கிசெல்வி, இசக்கிசெல்வி. தண்டனைக்கு எழுத வைத்த மாதிரி. வேலைக்கு வந்த ஏழு மாதத்தில் என் பெயர் சிவப்பில் வந்ததே கிடையாது.

சாம்பிள் ஜெபசுதா மேடத்துடையது. காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். அலுமினியத்தை உருக்கி, அதில் சுட்ட சிப்பித்தூளைக் கொட்டிக் கிண்டி வார்த்த காம்போசிட். உலோகத்துக்குள் இப்படித் துகளைப் புதைத்தால் தேய்மானம் குறையுமாம். ஒன்றாம் நம்பரில் தூளே கிடையாது, வெறும் அலுமினியம். இரண்டிலிருந்து ஐந்து வரை தூள் கூடிக்கொண்டே போகும். நான் அவற்றை உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைசான தாளுக்குப் போய், கடைசியில் துணிச் சக்கரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

தெரிந்தது என்ன? துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்புக் குழி. அம்மைத் தழும்பு விழுந்த முகம்.

சார் அவருடைய ஜெபக் குரலில் சொன்னார்: "அழுத்தித் தேய்ச்சிருக்கே செல்விம்மா. துகள் எல்லாம் பேந்து போச்சு பாரு."

அழுத்தினேனா? இரண்டு விரல் நுனியில் பிடித்துத் தேய்த்தேன். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. என் கையை எனக்குத் தெரியாதா?

ஒன்றாம் நம்பரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 19, சனி

பஸ்ஸில் ஒரு அம்மாள் என் நகத்தைப் பார்த்து, ஒர்க்ஷாப்பிலா வேலை என்று கேட்டாள். ஆமா என்றேன். அந்த இடத்திலேயே அவள் மகனுக்கு வேறு பெண் பார்க்க முடிவு செய்துவிட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு முதல் ஐந்து வரை திரும்பவும் போட்டேன். மூன்று நாள். புதுத் தாள், புதுத் துணி, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அதே குழி. முன்னைவிட அதிகம்.

மத்தியானம் மேடம் நேரிலேயே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் நின்றார். மூன்றாம் வருடம் நான் காலேஜை விட்டு எழுந்து வந்தபோது எங்கள் வகுப்புப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. என் வருகைப் பதிவு முப்பத்தெட்டு சதவீதம். அவருக்கு அந்த எண் இன்னும் மனப்பாடம். சாரிடம் சொல்லவும் செய்தார். நான் என்ன செய்வேன், கரும்பலகையைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார என்னால் ஆகவில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் நாள் முழுக்க உட்காருவேன். இதை அவரிடம் யார் சொல்வது.

துகள் தானாகவே போகிறது மேடம், நான் அழுத்தவில்லை என்றேன். அவர் கம்ப்யூட்டரில் ஒன்றாம் நம்பர் படத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். படம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல்.

"இதுல தூளே கெடையாது. இதுவும் இப்படித்தானே கெடக்கு. இங்க என்ன பேந்துது, சொல்லு."

நான் திரும்பி உப்புத்தாளை அலச ஆரம்பித்தேன்.

"பொறுமை இல்லாத கை சார் இது. எனக்கு அப்பவே தெரியும்."

எனக்கு அப்பவே தெரியுமாம். நீங்க வருகைப் பதிவேட்டைத் தவிர வேற என்னத்தைப் பாத்தீங்க?

ஒன்றாம் நம்பரைத் திரும்பப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றைக்கு அரிப்புச் சோதனை முடிந்தது. உப்புத்தண்ணீரில் ஏழு நாள் முக்கி வைத்த துண்டுகளை எடுத்துத் துடைத்து எடை போடுவது. கடல் தண்ணீர் உலோகத்தைத் தின்றால் எடை குறையும். குறையவில்லை. ஐந்தாம் நம்பரின் எடை கூடியிருந்தது.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். ஒரு துளிகூட அரிக்கவில்லை என்றார். தேய்மானச் சோதனையும் பிரமாதமாம். தண்ணீர் படாமல் காய்ந்த சக்கரத்தில் தேய்த்துப் பார்த்தது அது.

எடை எப்படிக் கூடும் என்று கேட்டேன். கேட்கத்தானே வாய்? தண்ணீரில் முக்கிய உலோகம் எங்கிருந்து எதைத் தின்று பெருத்தது?

அதைப் படித்து முடித்துவிட்டுக் கேட்டிருக்கலாம் என்றார் மேடம்.

சார் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அவர் நல்ல மனிதர். காலையில் ஜெபம் செய்யாமல் பூட்டைத் திறக்க மாட்டார். ஆனால் காலேஜ்காரர்கள் குரலை உயர்த்தினால் அவருக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதாவது தெரிய ஆரம்பித்துவிடும்.

ரிப்போர்ட் போய்விட்டது. 'குழிகள் மாதிரித் தயாரிப்பின் குறை' என்று ஒரு வரி. அந்தக் குறை நான்.

மே 3, சனி

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். தடைக்காலம். ஜூன் பதினான்கு வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எல்லாப் படகும் கட்டிக்கிடந்தது, இல்லை என்றால் கரையில் ஏறி பெயின்ட் குடித்துக்கொண்டிருந்தது.

சார் ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். உள்ளே மேடத்தின் காம்போசிட்டில் கடைந்த மூன்று புஷ். வலை இழுக்கிற வின்ச் இருக்கிறதே, அதன் அச்சு சுற்றுகிற வளையம். படகில் மாட்ட இரண்டு, கையிருப்புக்கு ஒன்று. பரீட்சார்த்தப் படகு ஜேசுதாசன் அண்ணனுடையது. திரேஸ்புரத்துக்காரர். ஆளைவிட அவருடைய சிரிப்பு முதலில் வந்து சேரும்.

புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தார். "பூ மாதிரி இருக்கு. ஏளா, இது தாங்குமா?"

"எனக்குத் தெரியாது அண்ணே."

"லேப்ல இருந்து வாரவ தெரியாதுங்கியே. பொறவு யாருக்குத் தெரியும்?"

புஷ் கெட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தேய்ந்து ஆடினால் சத்தம் வரும், சமாளிக்கலாம் என்றார். இறுகினால்தான் பயம். வலை நிறைய மீன், கடலுக்குள் ஒரு பக்கம் பாரம், வின்ச் சுற்றாது. வடம் தெறித்தால் ஆள் கால் போகும். கையால் வலையை அறுத்து விட வேண்டும், அதற்குள் படகு சாயாமல் இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முழங்காலுக்குக் கீழே தழும்பைக் காட்டினார்.

வலது பக்க வின்ச்சில் இரண்டையும் மாட்டிவிட்டார்கள்.

மே 4, ஞாயிறு

தெரியாது என்று ஏன் சொன்னேன். தெரியாதா எனக்கு?

மே 11, ஞாயிறு

கை இன்னும் எரிகிறது. எரியட்டும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் அம்மன் கோயில் கொடை, வருடத் திருவிழா. வீட்டுக்கு வெள்ளையடிக்க வர வேண்டியவன் வரவில்லை. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். லீவு நாளில் மொபைலை நோண்டுகிறவளுக்குச் சுண்ணாம்பு கலக்கினால் என்ன கேடு என்று கேட்டாள். பெரிய பிளாஸ்டிக் வாளியில் சுட்ட சிப்பிச் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சத்தம், எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. சிப்பி ஒவ்வொன்றும் வெடித்து விரிந்தது. வாளி கொதித்தது. அரை வாளி போட்டது முக்கால் வாளிக்கு எழும்பி வந்தது. கிண்டின கம்பில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. சிப்பியைக் காணோம்.

சிப்பியைக் காணோம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா பின்னால் இருந்து, "ஏளா இசக்கி, வாளியப் பாத்து என்ன தவமா இருக்கே" என்றாள்.

சுட்ட சிப்பி. தண்ணீர். பெருக்கிறது, எடை கூடுகிறது, பிறகு மாவாகப் போய்விடுகிறது. நான் இரண்டு வாரம் தண்ணீரை விட்டு விட்டுத் தேய்த்தது என்ன? இரண்டாம் நம்பர் முதல் ஐந்தாம் நம்பர் வரை நான் வாளியில் போட்டிருக்கிறேன். கறுப்புக் குழி என் விரலால் வந்தது இல்லை.

ஆனால் மேடம் படித்தவர். சிப்பியை எவ்வளவு சுட்டால் சுண்ணாம்பாகும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஈரமும் அழுக்கும் போக லேசாகச் சூடு காட்டினால் போதும் என்று அவர் பேப்பரிலேயே இருக்கிறது. அப்படிச் சூடு காட்டிய சிப்பி தண்ணீரில் இப்படி ஆகாது.

அப்படியென்றால் யார் சுட்டது?

மே 14, புதன்

கொடை முடிந்த களைப்பு என்று சாரிடம் பொய் சொல்லி லீவு போட்டேன்.

மேடத்தின் தூள் வந்த தகர டின் இன்னும் எங்கள் லேப் ஸ்டோரில்தான் கிடக்கிறது. மூடியில் மார்க்கரில் ஒரு போன் நம்பர். அதில் கூப்பிட்டால் ஏரல் போகிற வழியில் ஒரு சுண்ணாம்புக் காளவாய். பஸ் ஏறிவிட்டேன்.

காளவாய்க்காரர் அய்யாக்குட்டி அண்ணாச்சி. தலைமுடி, புருவம், லுங்கி எல்லாம் ஒரே வெள்ளை. காலேஜ் மேடம் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ரெண்டு மூடை சிப்பி கொண்டாந்தாவ. காலேஜ் அடுப்புல ஒரு நேரத்துக்குக் கால் கிலோதான் கொள்ளுமாம். நல்லா சுட்டுத் தாங்க அண்ணாச்சின்னாவ. நான் சுட்டுத்தான் குடுத்தேன். காத்துப் பட்டா பூத்துப்போவும்னு சூடு ஆறும் முன்ன டின்னுல போட்டு அடைச்சும் குடுத்தேன். ஏன், சரக்குல எதும் குறை சொன்னாவளா?"

"உங்க சரக்குல குறையே இல்ல அண்ணாச்சி. அதுதான் குறை."

அவருக்குப் புரியவில்லை. இருபத்தாறு வருடமாக அவர் சுட்டது ஒன்றுகூட வேகாமல் போனதில்லையாம். இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்தக் கரையில் 'நல்லா சுடு' என்று சிப்பியைக் கொடுத்தால் எவன் பாதியில் இறக்குவான்? சுண்ணாம்புக்குச் சுடுகிறவன் சுண்ணாம்பாகத்தான் சுடுவான். எவ்வளவு சுட வேண்டும் என்று சொல்லாத தப்பு மேடத்துக்கு. சிவப்பு மை எனக்கு.

மே 15, வியாழன்

சாரிடம் சொன்னேன். வாளி, காளவாய், எடை, எல்லாம். அவர் படித்தவர், பாதியிலேயே புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகில் மாட்டின புஷ் கடல் தண்ணீர் பட்டுப் பட்டுப் பெருக்கும், உள் துளை குறுகும், அச்சைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். ஜேசுதாசன் அண்ணன் சொன்னதையும் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டாச்சேம்மா."

"அப்ப அழிச்சுட்டுப் போடுங்க."

ரிஜிஸ்டரை எடுத்து ஏப்ரல் பக்கத்தைத் திறந்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணாம் நம்பர் ஒண்ணு இருக்கே. அதுல தூளும் இல்ல சுண்ணாம்பும் இல்ல. அதுவும் மோசமாத்தான் கெடக்கு. நீ சொல்லுறதை மேடம் கிட்ட கொண்டு போனா, செல்வி தப்பை மறைக்கக் கதை கட்டுதான்னுதான் சொல்லுவாவ. நான் என்ன பதில் சொல்ல?"



மே 16, வெள்ளி

சரி. எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

ஒன்றாம் நம்பரைப் போட்ட அன்று மணி ஐந்தே கால். எங்கள் ஊருக்குள் வருகிற மினிபஸ் ஐந்தரைக்கு. அதை விட்டால் மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. அறுநூறாம் நம்பர் உப்புத்தாள் முடிந்திருந்தது; நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். அடுத்து எண்ணூறு தாளில் பத்து நிமிஷம் தேய்க்க வேண்டும். வெறும் அலுமினியம்தானே, இதை எவன் பார்க்கப் போகிறான் என்று அதை விட்டுவிட்டு நேரே ஆயிரத்து இருநூறுக்குத் தாவினேன். துணிச் சக்கரத்தில் ஒரு சுற்று. டப்பாவில் போட்டேன். ஓடினேன்.

பஸ்ஸில் சீட்டுக்கூடக் கிடைத்தது.

எல்லாவற்றையும் எவன் கெடுத்தான் என்று ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். என் பேச்சை ஒருத்தனும் நம்பாதபடி செய்தது அந்தப் பத்து நிமிஷம்.

அதற்காக மேடம் சொன்னது சரி ஆகிவிடாது. ஆகவே ஆகாது.

மே 21, புதன்

தண்ணீர் ஆகாது என்றால் எதை விட்டுத் தேய்ப்பது? தண்ணீர் இல்லாத எதையாவது. மண்ணெண்ணெய் என்று தோன்றியது. கடையில் எங்கே கிடைக்கிறது இப்போது? ஜேசுதாசன் அண்ணனின் தம்பி சின்ன மோட்டார் வள்ளம் வைத்திருக்கிறார், அதற்கு மண்ணெண்ணெய் உண்டு. ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். லேப் முழுக்க நாற்றம். சார் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

நாலாம் நம்பரின் அடிப்பக்கத்தை அறுத்துப் புது முகம் எடுத்து, முதல் தாளிலிருந்து மண்ணெண்ணெயிலேயே தேய்த்தேன். ஒரு தாளையும் விடவில்லை. எண்ணூறை இருபது நிமிஷம்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

இருந்தது. எல்லாம் இருந்தது. வெள்ளை அலுமினியத்தில் சாம்பல் சாம்பலாகத் துகள், ஓரம் கூர்மையாக, ஒன்றுகூடப் போகாமல். வாய்விட்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன் என்று நினைக்கிறேன். படம் எடுத்தேன். அப்புறம் இங்க் பில்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து அதன் மேல் விட்டுக் காத்திருந்தேன். பதினைந்து நிமிஷம். துடைத்துவிட்டுப் பார்த்தால் துகளின் ஓரம் பிளந்து மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஒரு சொட்டு. துணியில் ஒரு தடவு.

கறுப்புக் குழி. என் விரல் படவே இல்லை.

மே 23, வெள்ளி

மேடம் வந்தார். புஷ்ஷுக்குச் சான்றிதழ் வாங்க.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார். அப்புறம், நான் எதிர்பார்த்த மாதிரியே: "அப்ப ஒண்ணாம் நம்பர்?"

இதற்காகத்தான் ராத்திரி எல்லாம் ஒத்திகை பார்த்தேன். என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். கடைசியில் வந்தது இதுதான்.

"ஒண்ணாம் நம்பர் என் தப்பு மேடம். எண்ணூறு தாளத் தேய்க்கவே இல்ல. பஸ்ஸப் பிடிக்க ஓடிட்டேன். தண்ணி விட்டுத் தேய்ச்சாலும் அது சரியா வரும், இப்பவே போட்டுக் காட்டுதேன். நீங்க நில்லுங்க."

சார் ஜன்னலைப் பார்க்கவில்லை. அது முதல் தடவை.

போட்டேன். ஐம்பது நிமிஷம். மேடம் உட்காரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ஒன்றாம் நம்பர், தண்ணீர் விட்டு, எல்லாத் தாளும். கண்ணாடி. ஒரு கீறல் கிடையாது. அடுத்து அதே தண்ணீர், அதே தாள், அதே கை, நாலாம் நம்பர். குழி குழியாக வந்தது.

"காளவாய்ல சுட்டதா அது?" என்றேன்.

"உனக்கு யார் சொன்னா?"

"டின் மூடியில நம்பர் கெடந்துது."

அவர் முகம் எப்படி ஆனது என்று எழுதினால் எனக்குச் சந்தோஷம் என்று ஆகிவிடும். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நாலாம் நம்பரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சான்றிதழும் கேட்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

மே 27, செவ்வாய்

ஒரு வார்த்தை இல்லை. போனும் இல்லை.

மே 31, சனி

எட்டு நாள். புஷ் இன்னும் வின்ச்சில்தான் கிடக்கிறது. தடை முடிய இரண்டு வாரம். சாரிடம் கேட்டால் மேடம் யோசிப்பாவ என்கிறார். என்னத்த யோசிக்க? வலை பாரத்தோட வின்ச் இறுகும்போது யோசிக்கலாமா? ஒரு பேப்பர் போயிரும், ஒரு பட்டம் தள்ளிப் போவும்னு வாயை மூடிட்டு இருக்காங்க. படிச்சவங்க தப்பு பண்ணினா அதுக்கு 'மறுபரிசீலனை'. நான் பண்ணினா சிவப்பு மை.

திங்கட்கிழமை நானே போய் அண்ணனிடம் கழற்றச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

ஜூன் 2, திங்கள்

போனேன். எனக்கு முன்னால் மேடம் அங்கே இருந்தார்.

இன்றைக்கு மட்டும் இல்லை. நான் போட்டுக் காட்டினதற்கு மறுநாளிலிருந்தே. காலேஜ் லீவு ஆனதால் தினமும் சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகு நிழலில் ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு வாளி நிறையத் துறைமுகத் தண்ணீர். உள்ளே கையிருப்பு புஷ். அதன் மேலெல்லாம் வெள்ளை படிந்து, ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. பக்கத்தில் நோட்டு, அதில் நாள்வாரியாக உள் துளையின் அளவு.

வின்ச்சைச் சுற்றக் கூடாது என்று முதல் நாளே அண்ணனிடம் சொல்லிவிட்டாராம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா மேடம்? நான் ஒரு வாரமா—" அதற்கு மேல் வரவில்லை.

"உன் போட்டோவ நம்பலன்னு இல்ல" என்றார், வாளியைப் பார்த்தபடியே. "என் புஷ்ஷ நானே பாக்கணும்னு இருந்துது."

ஜேசுதாசன் அண்ணன் வின்ச்சின் பழைய அச்சுத் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். பத்து நாள் முன்னால் அந்தப் புஷ்ஷுக்குள் வழுக்கிக்கொண்டு போன துண்டு. இப்போது நுழைத்தார். கால்வாசி போய் நின்றது. சுத்தியலால் தட்டினார். பாதியில் இறுகியது. திரும்ப எடுக்க வரவில்லை. மாதாவே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முழங்காலுக்குக் கீழே தழும்பைத் தடவினார். அந்த மனிதர் சிரிக்காமல் இருந்ததை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவருக்கே தாங்கவில்லை. "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இதக் கரைச்சா திரேஸ்புரத்துல ரெண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் போலயே."

மேடம் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். புஷ் இரண்டையும் அப்போதே கழற்றச் சொன்னார்.

நான் பஸ்ஸில் வரும்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வந்தேன். கோபத்துக்குச் சாரை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்று சார் காலேஜுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரே டைப் அடித்தார். நான்கு தடவை அழித்து அழித்து அடித்தார். கடைசி வரி: 'குறை மாதிரித் தயாரிப்பில் இல்லை, பொருளில் உள்ளது.' என் பெயர் இல்லை. குறை என்றால் மட்டும் பெயர் உண்டு. சரியாக இருந்தால் பெயர் கிடையாது. இது என்ன வழக்கம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நியாயம்தான் என்றார். எழுதவில்லை.

ஜூன் 16, திங்கள்

தடை முடிந்தது சனி. ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள். இன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு எல்லாப் படகும் போயிருக்கும். அண்ணன் படகில் பழைய வெண்கலப் புஷ். நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணன் போன்: வின்ச் நன்றாகச் சுற்றியதாம், வலையில்தான் ஒன்றுமில்லையாம்.

ஜூன் 20, வெள்ளி

நாலரைக்கு மேடம் வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே புதுச் சிப்பித்தூள். காலேஜ் அடுப்பில் அவரே கால் கிலோ கால் கிலோவாக, சூடு ஏறாமல் பக்கத்தில் நின்று சுட்டதாம். நெற்றியில் ஒரு தீக்காயம் வேறு. ஒரு கரண்டி தூளைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். சும்மா கிடந்தது. அதில் வார்த்த ஐந்து புதுத் துண்டுகளை டேபிளில் வரிசையாக வைத்தார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகிறதாம். அதை அவர் சொல்லவில்லை, சார் சொன்னார்.

அப்புறம் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். ஏப்ரல் பக்கத்தைத் திறந்து, சாரிடம் நீல பேனாவும் வாங்கி, இரண்டு முதல் ஐந்து வரை சிவப்பை அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'தூள் சுண்ணாம்பாக வெந்தது. என் தவறு.' கீழே கையெழுத்து, தேதி.

ஒன்றாம் நம்பர் மட்டும் மிச்சம். பேனா அதன் மேல் நின்றது.

"அதையும் அடிச்சிருங்க மேடம்" என்றார் சார். "பொம்பளப் பிள்ளை, பேரு கெடக்க வேண்டாம்."

அடிக்கட்டும் என்றுதான் இரண்டு மாதமாக இருந்தேன்.

"அத விடுங்க" என்றேன். "அது என் கைதான்."

மேடம் என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். ஐந்து துண்டில் முதல் துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். வெறும் அலுமினியம்.

"தண்ணியா, மண்ணெண்ணெயா?"

"இதுக்குத் தண்ணி போதும் மேடம். இன்னைக்கே தாரேன்."

நானூறு, அறுநூறு, எண்ணூறு. எண்ணூறில் இருக்கும்போது வெளியே ரோட்டில் ஹாரன் கேட்டது. எனக்குத் தெரியும் அந்த ஹாரன், ஐந்தரை மினிபஸ். தலையைத் தூக்கவில்லை.

மெயின் ரோட்டிலிருந்து நடந்துதான் வந்தேன். கால் வலிக்கிறது.